மஞ்சக் கடுதாசி யாருக்கு?

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் திவால் வழக்கு ஆவணங்கள் சமூக வரலாற்றுக்குக் கிடைத்த புதையல் என்று ஒரு கருத்தரங்கில் பேராசிரியர் ஒருவர் பேசினார். கடனாளியின் பாத்திரம் பண்டம், படுக்கை, பாக்கி எல்லாம் பட்டியலா இருக்காம். சாமானியனின் குரல் அதில் கேட்குதாம். தோழர்களே, பதினொரு வருஷமா வங்கியில் கடன் கணக்குப் பார்க்கிறவன் நான். எந்தப் பட்டியல் கைக்கு வந்தாலும் அதில் யார் பேர் இல்லை என்றுதான் முதலில் பார்ப்பேன்.

திவாலாவதற்கும் தகுதி வேண்டியிருந்தது. இங்கிலாந்தில் 1861 வரைக்கும் வணிகன் மட்டும்தான் சட்டப்படி திவாலாக முடியும். இருப்பதைப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, மிச்சக் கடனிலிருந்து விடுபட்டு, மறுபடி கடை திறக்கலாம். மற்றவன் வெறும் கடனாளி. அவனுக்கு ஜெயில். நாவலாசிரியர் டிக்கன்ஸின் அப்பா 1824இல் மார்ஷல்சி சிறைக்குப் போனது ரொட்டிக் கடைக்காரருக்குத் தரவேண்டிய 40 பவுன் சொச்சத்துக்கு. 12 வயசு மகன் அப்போது பாலிஷ் டப்பாவுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தான். 1869இல் கடனுக்குச் சிறை ஒழிந்தது என்றார்கள். சில்லறைக் கடன்பட்ட தொழிலாளி அதுக்கப்புறமும் ஆயிரக்கணக்கில் உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தான்.

இந்த ஏற்பாடு கப்பலேறி இங்கேயும் வந்தது. 1828லும் 1848லும் லண்டன் பார்லிமெண்ட் போட்ட சட்டங்களின்படி கல்கத்தா, சென்னை, பம்பாய் மூன்று பட்டணங்களில் திவால் கோர்ட். மனுப் போட்டவன் சொத்து அபிஷியல் அசைனி கைக்குப் போகும். அவனைக் கைது செய்யாமலிருக்கக் கோர்ட் பாதுகாப்பு உத்தரவு தரும்.

அதே சென்னையில் இன்னொரு கடனாளியும் இருந்தான். முன்பணம் வாங்கிய கூலி. 1859ஆம் வருஷத்து 13ஆம் சட்டம் அவனுக்கென்றே வந்தது. முன்பணம் வாங்கிட்டு வேலைக்கு வரலைன்னா மாஜிஸ்திரேட் முன்னாடி நிறுத்தலாம். பணத்தைக் கட்டு, இல்லை வேலையைச் செய். ரெண்டும் இல்லைன்னா மூணு மாசம் வரை கடுங்காவல். நீலகிரியிலும் வயநாட்டிலும் தோட்ட முதலாளிகளுக்கு இது கைகண்ட மருந்து. ரத்துச் சட்டம் வர 1925 ஆச்சு. வியாபாரி பட்டால் நஷ்டம், கூலி பட்டால் குற்றம்! இதுக்குப் பேர் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டத்தின் ஆட்சி.

கோர்ட்டுக்கே வராத கடன் இதைவிடப் பெரிசு. அடிமை உரிமையை எந்தக் கோர்ட்டும் இனி ஏற்காது என்று 1843இல் சட்டம் வந்தது. ஆண்டைக்கு என்ன குறைச்சல், கடன் சீட்டு இருந்ததே! பஞ்சமி நிலத்துக்காக நாம் திரும்பத் திரும்பப் புரட்டுகிற திரமென்ஹீரின் செங்கல்பட்டு அறிக்கையை (1891) இந்தப் படியாள்களுக்காகவும் ஒருதரம் படியுங்கள். கல்யாணத்துக்கு வாங்கின கொஞ்சப் பணம், ஆள் பூரா அடமானம். எங்க தாத்தாவும் படியாள்தான். தன் கடன் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது. கணக்கு ஆண்டை வீட்டு நோட்டில் இருந்தது. அந்த நோட்டு எந்த ஆவணக் காப்பகத்துக்கும் வரவில்லை. பேராசிரியரே, அவர் குரலை எந்தக் கட்டில் தேடப் போகிறீர்கள்?

பழங்கதை என்பவர்களுக்கு: 2016இல் புதுத் திவால் சட்டம் வந்தது. வருஷ வருமானம் 60,000 ரூபாயைத் தாண்டாத, 35,000 ரூபாய்க்கு மேல் கடனில்லாத ஏழைக்கும் ‘புதிய தொடக்கம்’ என்று அதில் ஒரு அத்தியாயம் அச்சாகியிருக்கு. 2019இல் தனிநபர் பகுதியை நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது கதவு திறந்தது கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்.

போன மாசம் மாட்டுக் கடன் பாக்கிக்கு நோட்டீஸ் கொடுக்கச் சேரிக்குப் போனேன். மாடு செத்துப் போச்சு என்றது அந்த அம்மா. “ஏஞ் சார், முடியலைன்னு எழுதிக் குடுத்துட்டா பெரிய ஆளுங்கள விட்ருவாங்களாமே, எனக்கும் அப்படி ஒண்ணு எழுதித் தாயேன்” என்றது. மை டப்பாவைத் திறந்து நோட்டீஸில் கைநாட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.