வென்றால் ஜெர்மானியன்! தோற்றால் வந்தேறி!

2018-ம் ஆண்டு ஜூலை 22-ந் தேதி, ஜெர்மன் தேசியக் கால்பந்துக் குழுவிலிருந்து விலகுவதாக ஓர் ஆட்டக்காரர் அறிவித்தார். பெயர் மெசூத் ஓசில். 92 ஆட்டங்களில் அந்தத் தேசத்தின் சட்டையை அணிந்தவர். 23 கோல் போட்டவர். 2014-ல் உலகக் கோப்பையை வென்ற குழுவில் ஆடியவர். ஆண்டின் சிறந்த தேசிய ஆட்டக்காரர் என்று ரசிகர்கள் ஐந்து முறை தேர்ந்தெடுத்த மனிதர். அவர் விட்ட நீண்ட அறிக்கையில் ஒரு விஷயம் உலகமெங்கும் பரவியது. குழு வெற்றி பெற்றால் தன்னை ஜெர்மானியன் என்கிறார்கள், தோற்றால் குடியேறி வந்தவன் என்கிறார்கள் என்பதே அது.

அவர் சொன்னது உண்மை. நூற்றுக்கு நூறு உண்மை. ஆனால் அந்த உண்மையைச் சொன்னவர் யார் பக்கத்தில் போய் நின்றார்? இந்த இரண்டையும் பற்றி நாம் பேச விரும்புகிறோம். ஒன்றைச் சொல்லி மற்றதை மூடி மறைப்பது நமக்கு வழக்கமில்லை.

கதை ஓசிலிடமிருந்து தொடங்கவில்லை. அவருடைய தாத்தாவிடமிருந்து தொடங்குகிறது.

யுத்தத்துக்குப் பிறகு மேற்கு ஜெர்மனியின் ஆலைகளுக்கும் சுரங்கங்களுக்கும் ஆள் போதவில்லை. 1961 அக்டோபர் 30-ந் தேதி அந்தச் சர்க்கார் துருக்கியுடன் ஒப்பந்தம் செய்து, இஸ்தான்புல் நகரில் ஆள் பொறுக்கும் ஆபீஸ் திறந்தது. வேலை தேடி வந்தவர்களை வரிசையாக நிறுத்தி, உடுப்பைக் களையச் சொல்லி, சந்தையில் மாட்டைப் பார்ப்பதுபோல் பல்லைப் பார்த்து, தசையைத் தட்டிப் பார்த்து எடுத்தார்கள். இரண்டு வருஷம் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பிவிட வேண்டும் என்பது முதல் நிபந்தனை. 1964-ல் அந்த நிபந்தனையை நீக்கினார்கள். இரக்கம் வந்துவிட்டதா? இல்லை! தொழில் பழகிய ஆளை அனுப்பிவிட்டுப் புது ஆளைப் பழக்கினால் நஷ்டம் என்று முதலாளிகள் முறையிட்டார்கள், அவ்வளவுதான். 1973 நவம்பரில் ஆள் எடுப்பதை நிறுத்தும்வரை, 8 லட்சத்துக்கும் அதிகமான துருக்கியர் இந்த வழியில் ஜெர்மனிக்குப் போனார்கள்.

அவர்களுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'விருந்தாளித் தொழிலாளி'. விருந்தாளியைக் கரிக் குழிக்குள் இறக்கிவிடுகிற வீட்டை உலகத்தில் எங்கேயாவது கண்டதுண்டா?

கருங்கடல் கரையில் சோங்குல்டாக் என்று ஒரு மாவட்டம். துருக்கியின் நிலக்கரிச் சீமை அது. அதன் தேவ்ரெக் பகுதியிலிருந்து புறப்பட்டவர் ஓசிலின் தாத்தா. வந்து சேர்ந்த இடமும் நிலக்கரிச் சீமைதான்: ரூர் பிரதேசத்தின் கெல்சென்கிர்ஹென் நகரம். ஓசிலின் தகப்பனார் குழந்தையாக அங்கே வந்தார். ஓசில் அங்கேயே 1988-ல் பிறந்தார். அங்கே பிறந்தும் அவர் ஜெர்மன் பிரஜை அல்ல! 1913-ம் ஆண்டுச் சட்டம் பிரஜா உரிமைக்கு ரத்தத்தைப் பார்த்தது. பிறந்த மண்ணைப் பார்க்கவில்லை. அந்தச் சட்டம் மாறி, அங்கே நெடுநாள் வாழும் அந்நியரின் குழந்தைகளுக்குப் பிறப்பினால் உரிமை கிடைத்தது 2000-ம் ஆண்டில்தான். ஓசில் பிற்பாடு துருக்கிப் பிரஜா உரிமையைக் கைவிட்டுத்தான் ஜெர்மன் பாஸ்போர்ட் பெற்றார்.

இந்த ஊருக்கு இது புதிய கதையும் அல்ல. கெல்சென்கிர்ஹெனின் ஷால்கே குழு சுரங்கத் தொழிலாளிகளின் குழு என்றே பெயர் பெற்றது. 1934 முதல் 1942 வரை ஆறு தடவை ஜெர்மன் சாம்பியன் ஆன குழு அது. அதன் இரு பெரும் ஆட்டக்காரர்களான குசோராவும் செபானும் கிழக்கே மசூரியாவிலிருந்து கரி வெட்ட வந்த குடும்பங்களின் பிள்ளைகள். குசோரா தாமே சுரங்கத்தில் வேலை செய்தவர். 'போலாக் குழு' என்று அதை ஏசினார்கள். போலந்துக்காரன் என்பதை இழிவாகச் சொல்லும் சொல் அது. கோப்பைகள் குவிந்ததும் அதே குழுவை ஹிட்லர் ஆட்சி தன் விளம்பரத்துக்கு இழுத்துக்கொண்டது. வென்றால் நம்மவன் என்ற வித்தை எண்பது வருஷப் பழையது!

சிறுவன் ஓசில் ஆடிப் பழகியது சுற்றிலும் வேலியடைத்த ஒரு சிறு மைதானத்தில். 'குரங்குக் கூண்டு' என்பது அதற்கு அந்தப் பேட்டையில் வழங்கிய பெயர். அதிலிருந்து அவர் வெளியே வந்தபோது அவருடைய இடது கால் ஐரோப்பா முழுதும் விலை பேசத்தக்க சரக்காகிவிட்டது.

அவர் ஆடியது நடுக்களத்தில். கோல் போடுகிறவர் பெயர் மறுநாள் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் வரும். பந்தை வாங்கி, எதிரிகள் இருவருக்கு நடுவே ஒரு சந்து திறக்கும்வரை ஒரு நொடி பொறுத்து, சரியான காலடியில் கொண்டுபோய்ச் சேர்த்தவனை எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? துணியைப் பார்த்து மெச்சுகிறவர்கள் உண்டு. இழை அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்ட கையை யார் பார்க்கிறார்கள்? ஓசிலின் வேலை அந்தக் கையின் வேலை. அவரை ஏசியவர்களும் உண்டு. தோள் தொங்க நடக்கிறார், ஓடி உழைப்பதில்லை என்றார்கள். அவர் பந்தை அனுப்பும் அழகை ஒருதரம் கண்டவர் அந்தப் பேச்சைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்பது நமது அபிப்பிராயம்.

2006-ல் ஷால்கே, 2008-ல் பிரெமென். 2009-ம் ஆண்டு ஜெர்மன் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் விழுந்த ஒரே கோல் அவருடையது. 2010-ல் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் வாங்கியது. 2012-ல் அங்கே லீக் பட்டம். 2013-ல் லண்டன் ஆர்சனல் குழு 4 கோடியே 25 லட்சம் பவுன் கொடுத்து அவரை வாங்கியது. அங்கே மூன்று தடவை கோப்பை. கடைசிக் காலத்தில் அவருடைய வாரச் சம்பளம் 3 லட்சத்து 50 ஆயிரம் பவுன். இந்தத் தொகையை வாசகர்கள் நினைவில் வைக்க வேண்டும். மறுபடி இதற்கு வருவோம்.

2010-ம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். தென் ஆப்பிரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக்குப் போன ஜெர்மன் குழுவின் 23 பேரில் 11 பேர் வெளிநாட்டு வம்சாவளியினர். புதிய ஜெர்மனி பிறந்துவிட்டது என்று பத்திரிகைகள் பாடின. அக்டோபர் 8-ந் தேதி பெர்லினில் ஜெர்மனியும் துருக்கியும் மோதின. ஓசில் கால் பந்தைத் தொடும்போதெல்லாம் துருக்கி ரசிகர்கள் கூச்சலிட்டார்கள். துரோகி என்பது அவர்கள் எண்ணம். ஓசில் ஒரு கோல் போட்டார். கை தூக்கவில்லை, துள்ளவில்லை. பேசாமல் திரும்பி நடந்தார். இரண்டு வீட்டுப் பிள்ளை வேறென்ன செய்வான்?

ஆட்டம் முடிந்ததும் பிரதம மந்திரி மெர்கல் அம்மையார் உடுப்பு மாற்றும் அறைக்கே போய், சட்டையில்லாமல் நின்ற ஓசிலின் கையைக் குலுக்கினார். படம் எல்லாப் பத்திரிகைகளிலும் வெளிவந்தது. எட்டே நாள்! அக்டோபர் 16-ந் தேதி போட்ஸ்டாம் நகரில் தமது கட்சி இளைஞர் கூட்டத்தில் அதே அம்மையார் பேசினார்: பல பண்பாட்டு மக்கள் அடுத்தடுத்து வாழும் முயற்சி அடியோடு தோற்றுவிட்டது என்றார். கைகுலுக்கியது ஓட்டுக்காக, பேசியதும் ஓட்டுக்காக. அடுத்த மாதமே, சமூகத்தோடு நன்றாக ஒன்றிப்போனவர் என்று ஓசிலுக்கு ஒரு பரிசும் கொடுத்தார்கள். பிறந்த ஊரில் ஒன்றிப்போனதற்குப் பரிசா! பிரெமெனில் பிறந்த வெள்ளைக்காரப் பையனுக்கு இந்தப் பரிசைக் கொடுப்பார்களா?

இனி 2018. மே மாதம் லண்டனில் துருக்கி ஜனாதிபதி எர்டோகனோடு ஓசில் படம் எடுத்துக்கொண்டார். கூடவே கெல்சென்கிர்ஹெனில் பிறந்த இன்னொரு துருக்கியர் வீட்டுப் பிள்ளை, நடுக்கள ஆட்டக்காரர் குண்டோகன். ஜெர்மனியில் அமளி துமளி. ஜூன் 27-ந் தேதி தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்று, முதல் சுற்றோடு ஜெர்மனி வீடு திரும்பியது. 23 பேர் சேர்ந்து தோற்ற தோல்விக்கு ஒரே ஆள் பொறுப்பானார்! கால்பந்துச் சங்கத் தலைவர் கிரிண்டெல் விளக்கம் கேட்டார். அவர் யார்? 2004-ல் நாடாளுமன்றத்தில் பல பண்பாட்டு வாழ்வைப் பழித்துப் பேசிய கன்சர்வேடிவ் கட்சிக்காரர். 2019 ஏப்ரலில் ஓர் உயர்ந்த ரகக் கைக்கடிகாரத்தைப் பரிசாக வாங்கிக்கொண்ட விவகாரத்தில் பதவியை விட்டு ஓடினார். அடுத்தவருக்கு ஒழுக்கம் போதித்த வாத்தியார் இவர்தான்.

எர்டோகனோடு நிற்பது குற்றம் என்றால், அவருக்கு டாங்கி விற்றது யார்? அகதிகளை ஐரோப்பாவுக்கு விடாமல் தடுக்க 2016-ல் அவரோடு கோடிக்கணக்கில் ஒப்பந்தம் போட்டது யார்? ஓசில் விலகி இரண்டே மாதத்தில், செப்டம்பர் 28-ந் தேதி, அதே எர்டோகனுக்குப் பெர்லினில் ராஜ உபசாரத்தோடு விருந்து வைத்தார்கள். உண்மையான விருந்தாளி அன்றைக்குத்தான் வந்தார் போலும்!

வாரத்துக்கு மூன்றரை லட்சம் பவுன் வாங்கியவருக்காக நாம் ஏன் வாதாட வேண்டும் என்று சில தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓசிலுக்குச் சோறு போய்விடவில்லை. ஆனால் அவர்மீது எறிந்த சொல் அவரோடு நிற்பதில்லை. கக்கூஸ் கழுவும் பெண்மீது விழுகிறது; பஸ் ஓட்டுகிறவர்மீது விழுகிறது. 1993 மே 29-ந் தேதி சோலிங்கென் நகரில் துருக்கியர் வீட்டுக்கு நெருப்பு வைத்து ஐந்து பெண்களையும் குழந்தைகளையும் கொன்றார்களே, அந்தச் சொல்தான் அந்த நெருப்பு. 1973 ஆகஸ்டில் கொலோன் நகரத்துப் போர்டு மோட்டார் ஆலையில், லீவு முடிந்து தாமதமாக வந்ததற்காக நீக்கப்பட்ட சுமார் 300 தோழர்களுக்காகத் துருக்கித் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தபோது, 'துருக்கியரின் பயங்கரம்' என்று எழுதினார்களே, அதுவும் இதே சொல்தான். 2024-ல் குண்டோகன் ஜெர்மன் குழுவின் கேப்டனாக இருந்தார். அந்த வருஷம் எடுத்த கணிப்பில், தேசியக் குழுவில் வெள்ளையர் அதிகம் இருந்தால் நல்லது என்றவர்கள் நூற்றுக்கு 21 பேர்; கேப்டன் துருக்கி வம்சத்தவராக இருப்பது வருத்தம் என்றவர்கள் 17 பேர். குற்றம் ஒரு போட்டோவில் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இதுவரை ஓசிலின் பக்கம். இனி ஓசிலிடம் நமக்குள்ள வழக்கு.

தாத்தாவின் நாட்டு ஜனாதிபதிக்கு மரியாதை செய்தேன், அரசியல் எதுவும் இல்லை என்று அவர் எழுதினார். துருக்கித் தேர்தலுக்கு ஆறே வாரம் இருந்தபோது எடுத்த படம் அது! தேதியையும் பார்ப்போம். 2018 மே 13. சரியாக நான்கு வருஷங்களுக்கு முன், 2014 மே 13-ந் தேதி, துருக்கியின் சோமா நிலக்கரிச் சுரங்கத்தில் 301 தொழிலாளிகள் செத்தார்கள். அங்கே வந்த எர்டோகன், இதெல்லாம் சுரங்கத்தில் சகஜம் என்றார். இங்கிலாந்தில் 1860-களில் நடந்த விபத்துகளைச் சான்று காட்டினார். எதிர்ப்புத் தெரிவித்த ஒருவரை, பாதுகாப்புப் படையினர் தரையில் அமுக்கிப் பிடித்திருக்க, எர்டோகனின் ஆலோசகர் காலால் உதைத்தார். நாலாவது திவசத்தன்று, சுரங்கச் சீமையின் பேரன் சிரித்த முகத்தோடு சட்டையைப் பரிசளிக்கிறார்.

சோமா தூரத்து ஊர் என்பாரா? 2010 மே 17-ந் தேதி தாத்தாவின் சோங்குல்டாக்கிலேயே கரடோன் சுரங்கம் வெடித்து 30 பேர் மாண்டார்கள். இந்தத் தொழிலின் தலைவிதியில் இது இருக்கிறது என்று அன்றைக்குச் சொன்னவரும் எர்டோகன்தான். 2017 ஜூலையில் முதலீட்டாளர்களைக் கூட்டி வைத்து, வேலைநிறுத்தம் வருமென்றால் அவசர நிலைச் சட்டத்தைக் கொண்டு தடுக்கிறோம் என்று பெருமை பேசியவரும் அவரே. தாத்தாவுக்குச் செய்யும் மரியாதை இதுவா?

அவமானப்பட்ட மனிதன் ஆதரவு தேடுவது இயல்பு. அதை நாம் மறுக்கவில்லை. ஜெர்மனி கதவைச் சாத்தியது. படித்த பள்ளிக்கூடமே தன்னை ஒதுக்கியது என்று அவர் எழுதினார். அந்த ஜூலையில் அவருடைய அறிக்கையைப் படித்து, ஆயிரக்கணக்கான சாதாரண ஜனங்கள் பள்ளியிலும் வேலையிலும் வாடகை வீட்டிலும் தாங்கள் பட்ட இழிவுகளை எழுதினார்கள். அவர்கள் பக்கம் அவர் போயிருக்கலாம். ஆனால் 2019-ல் அவருடைய கல்யாணத்துக்குச் சாட்சி எர்டோகன். 2023 மார்ச்சில் ஆட்டத்தை விட்டார். 2025 பிப்ரவரியில் எர்டோகன் கட்சியின் மத்தியக் குழுவில் ஓர் இடம் பெற்றார்.

1991 ஜனவரியில் சோங்குல்டாக் சுரங்கத் தொழிலாளிகள், வேலைநிறுத்தத்தின் நடுவே, கூலி கேட்டுத் தலைநகர் அங்காராவை நோக்கி நடந்தார்கள். பஸ்களை மறித்ததால் நடந்தே போனார்கள். பனியில் பெண்களும் குழந்தைகளும் கூட வந்தார்கள். தேவ்ரெக் வழியாகத்தான் அந்த ஊர்வலம் போனது. மெங்கென் அருகே போலீஸ் மறித்தது. அந்தத் தேவ்ரெக்கில் ஓசில் பெயரில் ஒரு தெரு உண்டு. தெருப் பலகையில் அவர் ஜெர்மன் சட்டையோடு நிற்கும் படம் இருந்தது. 2018 ஜூலையில் அதைக் கழற்றிவிட்டு, எர்டோகனோடு அவர் நிற்கும் படத்தை மாட்டினார்கள்.