பச்சைத் திரைக்குப் பின்னால் ஒரு வெப் சர்வர்: ஏஎஸ்/400-க்கு 'பழசு' முத்திரை விழுந்தது எப்படி?

ட்ரெய்னிங் முடிந்து முதல் ப்ராஜெக்ட்டுக்குக் காத்திருக்கிறீர்கள். 'உனக்கு ஏஎஸ்/400' என்று மேனேஜர் சொல்கிறார். பக்கத்து சீட் நண்பர் "ஐயோ, மாட்டிக்கிட்டியா!" என்கிறார். சென்னை, பெங்களூரு ஐடி வளாகங்களில் இது புதுக்காட்சி அல்ல. கறுப்புத் திரை, பச்சை எழுத்து, 'எஃப்3 அழுத்தினால் வெளியே'... இதில் வெப்சைட்டா என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் ஓடும், ரொம்ப நாளாகவே.

நடுத்தர நிறுவனங்களுக்காக ஐபிஎம் இந்தக் கம்ப்யூட்டரை 1988 ஜூனில் அறிமுகம் செய்தது. டேட்டாபேஸ், பாதுகாப்பு எல்லாம் ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே இருக்கும். தனியாக வாங்க வேண்டாம். 1995-ல் உள்ளே இருந்த பிராசஸரை அடியோடு மாற்றி 64 பிட்டுக்குப் போனார்கள். அப்போதும் பெரும்பாலான பழைய புரோகிராம்களைத் திருத்தி எழுத வேண்டி வரவில்லை. 2000-ல் அப்பாச்சி வெப் சர்வர், பிறகு பிஹெச்பி, நோட்.ஜேஎஸ் என வரிசையாக வந்தன.

அப்புறம் ஏன் யாரும் நம்பவில்லை?

முதல் காரணம் விலை. லினக்ஸ் போட்ட சாதாரண பிசி சர்வர் மலிவு. இதற்கு மெமரியும் டிஸ்க்கும் காஸ்ட்லி. படமும் கட்டுரையும் மட்டும் காட்டும் தளத்துக்கு இவ்வளவு செலவு செய்வது வீண்தான். அதை மறுக்க முடியாது.

இரண்டாவது காரணம்தான் சுவாரஸ்யம். 1990-களின் பிற்பகுதியில், பச்சைத் திரையில் வேலை செய்யும் திறனுக்கு ஐபிஎம் தனியாகக் கூடுதல் விலை வைத்தது. வெப் மாதிரியான வேலைகளுக்கு அதே மெஷின் மலிவாகக் கிடைத்தது. வாங்கிய அளவைத் தாண்டிப் பச்சைத் திரையைப் பயன்படுத்தினால் சிஸ்டமே மந்தமாகிவிடும். வாடிக்கையாளரை வெப் பக்கம் தள்ளும் கணக்கு இது. பலர் என்ன செய்தார்கள்? காசு கொடுத்து வாங்கிய பச்சைத் திரையை விடாமல் பிடித்துக்கொண்டு, வெப்சைட்டுக்கு வேறு சர்வர் வாங்கினார்கள். வலிந்து உருவாக்கிய தலைவலி என்றே சொல்லலாம்.

போதாக்குறைக்குப் பெயர் மாற்றம் வேறு. 2000-ல் ஐசீரிஸ், 2006-ல் சிஸ்டம் ஐ, 2008 முதல் ஐபிஎம் ஐ. இன்றைய பெயரை கூகுளில் தேடிப் பாருங்க, கஷ்டம் புரியும்.

இதனால் என்ன நஷ்டம்?

ஆர்டரும் ஸ்டாக்கும் ஒரு மெஷினில், வெப்சைட் இன்னொன்றில். நடுவே டேட்டாவை நகலெடுக்க ஒரு வேலை ஓடும். அது இரவில் மட்டும் ஓடினால், காலையில் தீர்ந்த சரக்கை மாலை வரை வெப்சைட் விற்றுக்கொண்டே இருக்கும். டேட்டா இருக்கிற இடத்திலேயே பக்கத்தையும் தயாரித்தால் இந்தச் சிக்கல் வராது. இந்த மெஷினின் பலம் அங்கேதான். லட்சம் பேருக்கு ஒரே படத்தைக் காட்டுவதில் இல்லை.

'இதை ஹேக் பண்ணவே முடியாது' என்று சில சீனியர்கள் சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். எளிதில் ஊகிக்கும் பாஸ்வேர்டும் எல்லாருக்கும் எல்லா அனுமதியும் இருந்தால் எந்தப் பூட்டும் திறக்கும். 2025 ஏப்ரலில் வந்த 7.6 பதிப்பில்தான் இரண்டாம் கட்ட உள்நுழைவுச் சோதனை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குள்ளேயே சேர்ந்தது. அதே ஜூலையில் பவர்11 சர்வர்களும் வந்தன. மூடப்போகும் கடைக்கு யாரும் புது ஷட்டர் போடுவதில்லை.

அதனால் அந்த ப்ராஜெக்ட் கிடைத்தால் மேனேஜரிடம் ஒன்று கேளுங்கள்: வேலை பழைய திரையைப் பராமரிப்பதா, அல்லது ஏபிஐ எழுதுவதா? முதலாவது என்றால் நண்பரின் 'ஐயோ'வில் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. இரண்டாவது என்றால், விஎஸ் கோடில் உட்கார்ந்து எஸ்கியூஎல்லும் புது வடிவ ஆர்பிஜியும் எழுதிக்கொண்டிருப்பீர்கள்.