பிக்கப் வண்டிக்கு 'பிக்கப்' ஏறுமா?

நம்ம ஆட்களிடம் பிக்கப் டிரக் மோகம் கொஞ்சம் கூடித்தான் போச்சு. இங்கே குர்கானில் எனக்குத் தெரிந்தே இரண்டு மூன்று தமிழ்க் குடும்பங்கள் இசுசு வி-க்ராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் என்று வாங்கிவிட்டார்கள். வாங்கிய ஆறாம் மாதம் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "சார், வெளியில விக்கிற ஏர் இன்டேக் போட்டா பிக்கப் ஏறுமாமே?" வண்டி உதிரிபாகக் கம்பெனியில் ஆணி பிடுங்குகிறவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள்.

டீசல் வண்டியா? அந்தக் காசுக்கு தங்கமணிக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுங்க. இதுதான் என் பதில்.

கடைக்காரர் சொல்லும் லாஜிக் எளிமையானது: காற்று அதிகம் போனால் சக்தி அதிகம். பெட்ரோல் எஞ்சினில் இதில் கொஞ்சம் உண்மை உண்டு. டீசலில் சக்தியைத் தீர்மானிப்பது உள்ளே பீய்ச்சும் டீசலின் அளவு. காற்று எப்போதும் தேவைக்கு மேலேயே இருக்கும். எவ்வளவு டீசல் என்பதை ஈசியூ முடிவு செய்கிறது. ஃபில்டரில் சின்னத் தடை இருந்தால் டர்போவே சமாளித்துவிடும். சாம்பார் அதே ஒரு கரண்டிதான் என்றால், சோற்றை மலையாய்க் குவித்து என்ன பயன்?

அப்புறம் ஏன் போட்டவர் எல்லாம் "சும்மா பறக்குது" என்கிறார்? சத்தம்! கூம்பு ஃபில்டருக்கு மூடி கிடையாது, டர்போ விசில் நேராகக் காதுக்கு வரும். சந்தேகம் இருந்தால் அதே சாலை, அதே சுமை, 40லிருந்து 80 கிலோமீட்டர் வேகத்துக்கு எத்தனை விநாடி என்று முன்னும் பின்னும் அளந்து பாருங்கள்.

இன்னொரு கூத்து. கம்பெனி கொடுத்த பெட்டி வெளிக்காற்றை இழுக்கும். திறந்த கூம்பு பானெட்டுக்குள் வெந்த காற்றை இழுக்கும். வெளியே 45 டிகிரி, உள்ளே 75 டிகிரி என்றால் காற்றின் அடர்த்தி சுமார் 9 சதவீதம் குறைவு. காசு கொடுத்து வெந்நீர்க் காற்று!

இதையெல்லாம்கூட மன்னிக்கலாம். தூசியை மன்னிக்க முடியாது. 1.9 லிட்டர் எஞ்சின் 3,000 ஆர்பிஎம்மில் ஓடினால், டர்போவைக் கணக்கில் சேர்க்காமலே நிமிடத்துக்கு 2,850 லிட்டர் காற்றை உறிஞ்சும். மே, ஜூனில் இங்கே அடிக்கிற 'ஆந்தி' புழுதிப் புயலைப் பார்த்தவர்களுக்குப் புரியும், அந்தக் காற்றில் என்ன இருக்கும் என்று. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பொடிதான் டர்போ விசிறியையும் பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் அரிக்கிறது. ஒரே நாளில் தெரியாது. ஆயில் குறையும், புகை வரும், அப்புறம் எஞ்சின் வேலை. வாரன்டி கேட்டுப் போனால், "வெளி பார்ட் போட்டிருக்கீங்களே" என்று கையை விரிக்கவும் வாய்ப்பு உண்டு. இஎம்ஐ மட்டும் மாதாமாதம் சரியாக வந்து நிற்கும்.

"இல்லை, போட்டே தீருவேன்" என்கிறவர்களுக்கு:

1. மூடிய பெட்டியோடு, வெளிக்காற்றை இழுக்கும்படி இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

2. காற்று எவ்வளவு போகும் என்று மட்டும் கேட்காதீர்கள். தூசியை எத்தனை சதவீதம் பிடிக்கும் என்று கேளுங்கள். ஐஎஸ்ஓ 5011 என்று இதற்கென்றே ஒரு சோதனை முறை இருக்கிறது. அந்த முடிவைக் காட்டாத சரக்கு வேண்டாம்.

3. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டரா? எண்ணெய் அதிகமானால் காற்றை அளக்கும் சென்சாரில் போய் ஒட்டும்.

4. 1,000 கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டருக்குப் பின்னால் உள்ள குழாயின் உட்புறத்தை வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மண் வந்தால் உடனே கழற்றுங்கள்.

மற்றவர்களுக்கு: கம்பெனி பேப்பர் ஃபில்டரை நேரத்துக்கு மாற்றுங்கள், புழுதியில் ஓடினால் இன்னும் சீக்கிரம். கம்ப்ரசர் காற்றை அதன் மேல் அடிக்காதீர்கள், பேப்பரில் ஓட்டை விழும். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஊருக்கு ஓட்டுகிறவர்கள் கிளம்பும் முன் இதைச் செய்தாலே, இழந்த பிக்கப் தானாகத் திரும்பிவிடும்.

டிஸ்கி: நான் எந்த ஃபில்டர் கம்பெனிக்கும் ஏஜென்ட் இல்லீங்கோ. போட்டுப் பார்த்து, விநாடிக் கணக்கோடு மறுக்கிறவர்கள் தாராளமாக வந்து கும்மலாம்.