ஒன்றரை மணிக்கு எரியாத தீ

கச்சான் காற்று தொடங்கியதும் மாத்தளை மாவட்டம் இரண்டுபட்டுப் போகும். நக்கிள்ஸ் மலையின் மேற்குச் சரிவில் மழை கொட்டும். அதே காற்று ரிவஸ்டனைத் தாண்டி லக்கலைப் பக்கம் இறங்கும்போது ஈரம் வற்றி, கண்ட பச்சையை எல்லாம் காயவைக்கும். பிட்டவல பத்தனைப் புல்வெளியும் சுற்றியுள்ள மேடுகளும் ஆவணிக்குள் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். பிறகு ஒரு குச்சி போதும்.

தீ பிடித்த மறுநாளே கைத்தொலைபேசிகளில் ஒரு படம் சுற்றும். இலங்கை வரைபடத்தில் சிவப்புப் புள்ளிகள், கீழே, காட்டை வெட்டி எரித்துப் பயிரிடும் சேனைக்காரர்களைத் திட்டி நாலு வரி. படம் பொய்யில்லை. நாசா யாருக்கும் இலவசமாகத் திறந்து வைத்திருக்கும் செய்மதித் தகவல்தான் அது. எனக்கு வழக்கு அந்த நாலு வரியோடுதான்.

புள்ளி எப்படி விழுகிறது? நோவா-20 போன்ற செய்மதிகளில் உள்ள கருவி தரையிலிருந்து எழும் வெப்பத்தை அகச்சிவப்புக் கதிரில் அளக்கிறது. அதற்குத் தரை 375 மீற்றர் சதுரங்களாகவே தெரியும். ஒரு சதுரம் ஏறக்குறைய 35 ஏக்கர். அதற்குள் ஒரு மூலையில் ஓர் ஏக்கர் கொழுந்துவிட்டு எரிந்தாலும் சதுரத்தின் நடுவில் ஒரு புள்ளி விழலாம். பார்ப்பவரோ 35 ஏக்கரும் சாம்பல் என்று நினைத்துக்கொள்வார்.

அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். இந்தச் செய்மதிகள் நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரை மணியை ஒட்டி. மறுபடி இரவு ஒன்றரையை ஒட்டி. புரட்டாசி மழைக்கு முன் சேனையைச் சுத்தம் செய்பவர், வெட்டிப் போட்டது முழுதாக எரிய வேண்டுமென்று வெயில் ஏறிய பிறகே தீ வைப்பார். அவர் தவறாமல் படத்தில் விழுவார். மாட்டுக்கு இளம்புல் துளிர்க்கட்டும் என்றோ, துளிருக்கு வரும் மானை அடிக்கலாம் என்றோ பத்தனையைக் கொளுத்துபவர் ஊர் பார்க்கப் பகலில் துணிவாரா? பொழுது சாயக் கொளுத்தினால், மானாப் புல் சில மணி நேரத்தில் எரிந்து அடங்கிவிடும். செய்மதி வரும்போது சூடு ஆறிய சாம்பல்தான் மிச்சம். மலைமுகட்டில் முகில் உட்கார்ந்திருந்தால் பகல் தீயும் தப்பிவிடும். ஆக, புள்ளிகளை எண்ணிக் குற்றவாளியைத் தேடினால், ஒளிக்காமல் எரித்தவரே அகப்படுவார்.

புகையைப் பின்தொடர்ந்து போகலாமே என்பார்கள். பகல் படத்தில் புகை, தீயருகே மெலிந்து, காற்றுப் போகும் திசையில் விரிந்து தெரியும். கச்சான் காலத்தில் அது மகாவலிப் பக்கம் சாயும். ஆனால் புல்தீயின் மெல்லிய புகை முகிலோடு கலந்தால் பிரித்தெடுப்பது கடினம். நம் தலைமேல் உள்ள புகைமூட்டம் நம் ஊரில் பிறந்ததாகவும் இருக்க வேண்டியதில்லை. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின்போது இந்தியப் பக்கமிருந்து வந்த மாசு தீவை மூடியதே, 9ஆம் திகதி பள்ளிக்கூடங்களைக்கூட மூடினார்களே, அப்போது இங்கே எந்தச் சேனை எரிந்தது?

செய்மதியை ஒதுக்கச் சொல்லவில்லை. இன்னொரு செய்மதியையும் கூட்டிக்கொள்ளுங்கள் என்கிறேன். ஐரோப்பாவின் சென்டினல்-2 தீயைத் தேடுவதற்கென்று வருவதில்லை. ஆனால் எரிந்த தழும்பை 20 மீற்றர் நுணுக்கத்தில் காட்டும். அந்தி நேரத்து ரகசியத் தீயும் காலையில் கறுத்த நிலமாகக் கிடக்கும். அதை மறைக்க முடியாது. மழை விழுந்து புல் முளைக்கும் முன் படத்தைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

அப்போதும் கறுப்பு எங்கே என்றுதான் தெரியும். ஏன் என்று தெரியாது. அதற்கு ஒருவர் லக்கலைக்கு நடந்து போய், வேலியோரம் நிற்பவரிடம் மரியாதையாகக் கேட்க வேண்டும். நக்கிள்ஸ் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த மத்திய மலைநாட்டின் ஒரு பகுதி. அதைக் காப்பாற்றும் அக்கறை உண்மையென்றால், அந்தப் படத்தை அடுத்தவருக்கு அனுப்புமுன் தீ வைத்த நேரத்தை விசாரியுங்கள். பகல் ஒன்றரைக்கு எரிந்த சேனையைவிட, மாலை ஆறுக்கு எரிந்த பத்தனைக்குத்தான் பதில் வேண்டும்.