யானை கலைத்த திட்டம்

உத்தியோகம் பார்க்கும் மனிதனுக்கு நாலு நாள் ஓய்வு கிடைத்தால், அவன் முதலில் செய்யும் காரியம் அந்த ஓய்வுக்கும் ஓர் அட்டவணை போடுவதுதான். அடியேனும் அந்த வர்க்கத்தைச் சேர்ந்தவனே.

சமீபத்தில் நாங்கள் குடும்ப சகிதமாகக் கொடைக்கானலுக்குப் புறப்பட்டோம். நான், என் மனைவி, பெண், எழுபத்தெட்டு வயதான என் தாயார் ஆக நால்வர். உயர் நீதிமன்றத்தின் உத்தரவினால் 2024-ஆம் வருஷம் மே மாதத்தில் இ-பாஸ் ஏற்பாடு வந்ததல்லவா? அந்தச் சீட்டை ஒரு கையிலும் என் அட்டவணையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு மலை ஏறினேன். காலை ஏழு மணிக்குக் கோக்கர்ஸ் வாக். எட்டேகாலுக்குத் தூண் பாறை. அப்புறம் குணா குகை, குறிஞ்சி ஆண்டவர் கோயில். கடைசியாக, வனத்துறையின் அனுமதி பெற்றுக் காட்டுக்குள்ளே இருக்கும் பேரிஜம் ஏரி. ஊர் நடுவில் இருக்கும் பெரிய ஏரிக்கு நான் ஒதுக்கியிருந்தது பதினைந்து நிமிஷம். அதுவும் காரை விட்டு இறங்காமல்!

மறுநாள் விடிந்தது. வண்டி ஓட்டுகிறவர் வந்து, "சார், பேரிஜம் ஏரிக்கரையிலே யானை நிற்குதாம். இன்றைக்கு யாரையும் விடமாட்டாங்க" என்றார். தூண் பாறைக்காவது போகலாமென்று பார்த்தால், அங்கே பாறையும் தெரியவில்லை, பள்ளமும் தெரியவில்லை. எங்கும் ஒரே வெள்ளைப் பனிமூட்டம்.

"உங்கள் அட்டவணையில் யானை கையெழுத்துப் போட்டுவிட்டது" என்றாள் என் மனைவி.

நான் சோர்ந்துவிடவில்லை. ஊர் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தச் செய்து, உட்கார்ந்து புது அட்டவணை எழுதத் தொடங்கினேன். அதற்குள் என் தாயார் கீழே இறங்கி, நீரோரத்தில் இருந்த பெஞ்சு ஒன்றில் அமர்ந்துவிட்டாள். "நீங்களெல்லாம் போய்ச் சுற்றிவிட்டு வாருங்கள். நான் இங்கேயே இருக்கிறேன்" என்றாள். தனியாக விட்டுப் போக முடியுமா? நாங்களும் உட்கார்ந்தோம்.

முதல் அரை மணி நேரம் வேதனையாகத்தான் இருந்தது. கை தானாகவே செல்பேசியைத் தேடிற்று. பிறகு, எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, தேடுவதை நிறுத்திவிட்டது. பனி மெல்ல மெல்ல விலகிற்று. நட்சத்திரம்போல் பல கைகளை நீட்டிக்கொண்டு கிடக்கும் அந்த ஏரியின் ஒரு கை முதலில் தெரிந்தது. பிறகு எதிர்க்கரை மரங்கள். பிறகு நீரில் அவற்றின் நிழல். சுமார் அறுபது ஏக்கர் தண்ணீர். சுற்றி நடந்தால் ஐந்து கிலோமீட்டர். அதை நான் பதினைந்து நிமிஷத்தில் முடித்துவிட எண்ணியிருந்தேன்!

நேயர்களில் பலர் இதை இயற்கை ஏரி என்றே நினைத்திருக்கலாம். உண்மையில் அது மனிதன் உண்டாக்கியது. 1845-இல் அமெரிக்கப் பாதிரிமார் வெயிலுக்கும் விஷக் காய்ச்சலுக்கும் பயந்து இம்மலையில் முதல் வீடுகளைக் கட்டிய காலத்தில் இங்கே ஏரி இல்லை; ஓடைகள் பாயும் சதுப்பு நிலமே இருந்தது. மதுரைக் கலெக்டராயிருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் என்பவர் 1863-இல் அந்த ஓடைகளுக்கு அணை போட்டு நீரைத் தேக்கினார். அந்நியர் தம் சுகத்துக்காகச் செய்ததுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அணைக்கு மண் சுமந்த கைகளும், மோட்டார் சாலை வருமுன் துரைமார்களை நாற்காலியில் வைத்து மலைமேல் தூக்கி வந்த தோள்களும் நம்மவர்களுடையவை. அவர்கள் இந்தக் கரையில் உட்கார்ந்து இளைப்பாறியிருப்பார்களா? இன்று எவரும் உட்காரலாம். கிடைத்த அந்த உரிமையை நாமோ கார் ஜன்னல் வழியாக அனுபவித்துவிட்டு ஓடுகிறோம்!

பதினொரு மணிக்கு வெயில் வந்தது. "பாட்டி, படகில் போகலாமா?" என்று பெண் கேட்டாள். என் தாயார் மறுப்பாளென்றே எண்ணினேன். அவளோ உடனே எழுந்துவிட்டாள். புடவையின் மேல் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, துடுப்புப் படகில் பேத்தியின் கையைப் பிடித்தபடி அமர்ந்தாள். நடு ஏரிக்குப் போனதும் சொன்னாள்:

"கல்யாணமான மறு வருஷம் உன் அப்பா என்னை இங்கே அழைத்து வந்தார். அவருடைய ஆபீஸ்காரர்கள் எல்லோருமாக ஒரு பஸ். ஒரே நாளில் எல்லா இடமும் பார்த்தாக வேண்டும். இந்த ஏரியைப் பஸ்ஸிலிருந்துதான் காட்டினார்கள். 'படகில் போகலாமா?' என்று கேட்டேன். 'அடுத்த தடவை' என்றார்."

அடுத்த தடவை வரவேயில்லை. என் தகப்பனார் காலமாகிப் பன்னிரண்டு வருஷமாகிறது. அட்டவணை போடும் வித்தையை யாரிடம் கற்றேன் என்பது எனக்கு அப்போது விளங்கிற்று. துடுப்புச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. நான் ஒன்றும் பேசவில்லை. "இன்னும் ஒரு சுற்று" என்று படகுக்காரரிடம் சொன்னேன்.

மறுநாள் பேரிஜம் திறந்திருந்தது என்று கேள்விப்பட்டோம். நாங்கள் போகவில்லை. யானைகள் தங்கள் ஏரியிலும் நாங்கள் எங்கள் ஏரியிலும் சௌக்கியமாக இருந்தோம்.

வண்டிகளைக் கட்டுப்படுத்த, 2025 ஏப்ரலில் கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தபோது முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். இப்போது முணுமுணுக்கவில்லை. ஓர் ஏரியின் அமைதி அங்கு வருகிறவர்களின் எண்ணிக்கையையும், வந்தவர்கள் விட்டுப் போகும் குப்பையையும் பொறுத்தது அல்லவா?

விடுமுறைக்குப் புறப்படும் குடும்பத்தாருக்கு ஒரு யோசனை. அட்டவணை போடாமலிருக்க நம்மால் முடியாது, போடுங்கள். ஆனால் ஒரு நாளை மட்டும் வெற்றாக விடுங்கள். எழுதத் தொடங்குமுன், வீட்டில் மூத்தவர் யாரோ அவரிடம், "உங்களுக்கு எங்கே உட்கார ஆசை?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எல்லா வீட்டுக்கும் யானை வந்து உதவாது!