கெர்னலுக்கும் கவாத்து வேண்டும்

போடிமெட்டு ஏறி ஏலத்தோட்டம் செல்வோர் அறிவர்: காய்ந்த தண்டுகளைக் கவாத்துச் செய்யாவிடில் இளந்தண்டு செழிக்காது, அரிவாள் தவறினாலோ அதுவும் போய்விடும்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கெர்னலிலும் இதுவே நிலை. இன்டெல் வழி நுண்செயலிகள் இன்றும் 1978-இன் 8086 போல 16 பிட் நிலையில்தான் கண்விழிக்கின்றன. அந்நிலைக்கான பழைய அசெம்பிளி நிரலை ஹெச். பீட்டர் ஆன்வின் 2007-இல் பெரும்பாலும் சி மொழியில் மாற்றி எழுதினார்.

ஓடுகிற நிரலை ஏன் தொடவேண்டும் என்பர் சிலர். நாம் உடன்படோம். துவக்கத்திலேயே பிழை நேரின் திரை இருண்டு கிடக்கும். காரணம் கூறவும் வழியிராது. ஆதலின் பிறர் படித்தறியத்தக்க நிரலே அங்குக் காப்பு.

லினக்ஸ் 1991-இல் பிறந்தது 386 கணினியில். அச்செயலிக்கான ஆதரவையே 2012-இல் நீக்கினர். கழிப்பது குற்றமன்று, இன்னதென்று அறியாமல் கழிப்பதே குற்றம்.