யாரை முதலில் பார்ப்பீர்கள்?



ஃபைனல் இயர் வகுப்பில் 'அடுத்து என்ன?' என்று கேட்டால், நாலு பேராவது 'என்க்ளெக்ஸ்' என்பார்கள். அமெரிக்காவில் பதிவு பெற்ற நர்ஸாக வேலை பார்க்க அந்த ஊர்ப் பிள்ளைகளும் எழுதுகிற தேர்வு இது. வெளிநாட்டில் படித்தவர்களுக்கும் இதே தேர்வுதான், சலுகை கிடையாது.

படித்ததை அப்படியே எழுதிப் பழகிய நம் கைக்கு முதலில் இது கொஞ்சம் வழுக்கும். 'ஆஸ்துமா பற்றி விரிவாக எழுது' என்று அங்கே கேட்கமாட்டார்கள். இப்படித்தான் கேட்பார்கள்:

உங்களிடம் நாலு பேஷன்ட். ஒருவர் குடல்வால் ஆபரேஷன் முடிந்து வலியில் கத்துகிறார். இன்னொருவர் டிஸ்சார்ஜ் லேட் என்று சத்தம் போடுகிறார். மூன்றாமவருக்கு சர்க்கரை 180. நாலாவது ஒரு ஆஸ்துமா பையன். காலையிலிருந்து வீஸிங், இப்போ சத்தமே இல்லை, சோர்ந்து படுத்திருக்கிறான். யாரிடம் முதலில் போவீர்கள்?

'பையனுக்குத்தான் சரியாயிடுச்சே' என்று தோணுதா? அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். சோர்ந்து போனவனுக்கு வீஸிங் திடீரென நின்றால், சத்தம் வருகிற அளவுக்குக்கூட காற்று போய்வரவில்லை என்று அர்த்தம். முதல் ஓட்டம் அவனிடம்தான். வலியில் கத்துகிறவருக்கு, கத்துகிற அளவுக்காவது மூச்சு இருக்கே!

ஆஸ்துமா பாடம் தெரியாதவர்கள் நம்மில் யாரும் இல்லை. தெரிந்ததை வைத்து முடிவெடுப்பதைத்தான் இந்தத் தேர்வு சோதிக்கிறது.

மிஷின் ஆடும் ஆட்டம்

கேள்விகள் குறைந்தது 85, அதிகபட்சம் 150. நேரம் 5 மணி. இதில் 15 கேள்விகளுக்கு மார்க் கிடையாது, அவை சோதனைக் கேள்விகள். எது எது என்று உங்களுக்குத் தெரியாது. சரியாகச் சொன்னால் அடுத்தது கஷ்டமாக வரும், தப்பானால் கொஞ்சம் இறங்கி வரும். தாண்டி வந்த கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது.

அதனால், நன்றாக எழுதுகிறவருக்கும் 'பாதி தப்பாயிடுச்சு' என்றுதான் தோன்றும். உங்கள் லெவலுக்கு ஏற்ற கேள்வியாகத் தேடித்தேடி அந்த மிஷின் கொடுக்கிறதே, பின்னே எப்படித் தோன்றும்? 85-ல் ஸ்கிரீன் நின்றால் அழவும் வேண்டாம், ட்ரீட் கேட்கவும் வேண்டாம். பாஸா ஃபெயிலா என்பது 95 சதவீதம் உறுதியானால் அது நிறுத்திவிடும். இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்.

2023 ஏப்ரலில் தேர்வு புது வடிவத்துக்கு மாறியது. ஒரே நோயாளியின் கேஸ் ஷீட்டைக் கொடுத்து வரிசையாக 6 கேள்விகள்; அப்படி குறைந்தது 3 கேஸ். பல விடை கேட்கும் கேள்விகளில் பாதி சரியென்றாலும் ஓரளவு மார்க் உண்டு. அதற்கு முந்தைய பழைய கைடை சீனியர் இலவசமாகத் தந்தாலும், பாடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் புதுசுதான் வேண்டும்.

எப்படிப் படிக்கலாம்?

மருந்துப் பெயர்களை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தாதீர்கள், கோத்துப் படியுங்கள். டிகாக்ஸின் என்றால் பெரியவர்களுக்கு நாடித்துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்கக்கூடாது. அதோடு பொட்டாசியம் எவ்வளவு என்று பாருங்கள், 3.5 முதல் 5.0 வரை இருக்கணும். குறைந்தால் மருந்தின் விஷத்தன்மை ஏறும். கூடவே சிறுநீர் போக வைக்கிற மாத்திரை சாப்பிடுகிறாரா? இப்படி ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகணும்.

'டாக்டரைக் கூப்பிடு' என்ற ஆப்ஷனைக் கண்டதும் டிக் அடிப்பது நம் ஊர்ப் பழக்கம். மூச்சுத் திணறுகிறவரின் தலைப்பக்கத்தை உயர்த்தி நிமிர்த்தி வைக்க யார் ஆர்டர் வேண்டும்? நீங்களே செய்யக்கூடியது இருந்தால் அது முதலில், போன் அப்புறம். அதேபோல, நம் வார்டில் ஆள் பற்றாக்குறை என்பதையும் மறந்துவிடுங்கள். அந்தத் தேர்வு வார்டில் எல்லாம் இருக்கும், எல்லாம் விதிப்படி நடக்கும்.

தினம் 50 கேள்வி போடுங்கள். தப்பானவற்றை ஒரு நோட்டில் மூன்றாகப் பிரியுங்கள்: பாடமே தெரியவில்லை, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லை, தெரிந்தும் எது முதல் என்பதில் கோட்டைவிட்டேன். ஒரு மாதத்தில் உங்கள் வியாதி எதுவென்று அந்த நோட்டே சொல்லிவிடும். சரியான விடை ஏன் சரி என்பதைப் படிக்காமல் 5,000 கேள்வி போட்டாலும் பிரயோஜனமில்லை.

பர்ஸ் பத்திரம்!

பெரும்பாலான வீடுகளில் இது கடன் வாங்கிக் கட்டுகிற பணம். தோற்றால் 45 நாள் கழித்துத்தான் மறுபடி, அதுவும் மீண்டும் ஃபீஸ் கட்டி. பாஸானதும் விசா கைக்கு வந்துவிடாது. ஆங்கிலத் தேர்வு, சான்றிதழ் சரிபார்ப்பு, விசாவுக்கான காத்திருப்பு என்று வரிசை நீளம். 'கேரன்டி பாஸ், மொத்தமா ஒரு லம்ப் கட்டுங்க' என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு நகருங்கள். கேரன்டி கொடுக்கிற தேர்வு இல்லீங்க இது.

கடைசியா ஒண்ணு. இதற்கான கோச்சிங் கிளாஸ் நீங்கள் தினமும் போகிற வார்டிலேயே இருக்கிறது. நாளைக்கு கிளினிக்கல் போஸ்டிங்கில் உள்ளே நுழைந்ததும் ஒரு நிமிஷம் நின்று, 'இதில் நான் யாரை முதலில் பார்க்கணும், ஏன்?' என்று கேட்டுக்கொள்ளுங்கள். அமெரிக்கா போனாலும் போகாவிட்டாலும், அந்த ஒரு நிமிஷத்தால் ஒரு உயிர் பிழைக்கலாம்.

அடுத்த வாரம் பார்ப்போம்!